குத்துறவன் முகத்தைக் காட்டிராதே!

ஏலே பேராண்டி, அமெரிக்காவுல டிவி கம்பெனி வேலை, அதுலயும் பாக்ஸிங் பிரிவுன்னு உங்கம்மை தெருவெல்லாம் சொல்லிட்டு வாரா. அல்வா குடுத்தா, நானும் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா, "தாத்தா, அங்க ஏன் இப்ப பாக்ஸிங்கைச் சாதாரண சேனல்ல காட்ட மாட்டேங்கான்?"னு நீ கேட்டே பாரு, அப்பத்தான் எனக்குத் தொண்டையில அடைச்சுது. உனக்கு வேலை போட்டுக் குடுத்தவன் இதைக்கூடவா உங்கிட்ட கேக்கல?

நான் கப்பல்ல சமையக்காரனா இருந்தவன். துறைமுகத்துல இறங்குனா மத்தவன் செண்ட் வாங்கப் போவான், துணி வாங்கப் போவான். நான் டிவி ஓடுற கடை எங்க இருக்குன்னு பாப்பேன். அதனால கொஞ்சம் தெரியும். கேட்டுக்கோ. இதுல புத்தி எது, நக்கல் எதுன்னு நீயே பிரிச்சுக்கோ. இஞ்சினீரிங் படிச்சவன்லா!

மொதல்ல ஒண்ணு. டிவி குத்துச்சண்டையைத் தள்ளி வச்சுட்டுன்னு எவனாவது சொன்னா, தலையை ஆட்டிட்டு வந்துரு, நம்பிராத. டிவிப் பெட்டியையே வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்ததுல குத்துச்சண்டைக்குப் பெரிய பங்கு உண்டு. 1944-ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல இருந்து என்.பி.சி. காட்ட ஆரம்பிச்சான். அந்தக் காலத்துக் காமிராவை வச்சுக்கிட்டு பேஸ்பால் மைதானத்துல பந்து எங்க போச்சுன்னு தேடுறதுக்குள்ள அடிச்சவன் ஓடி முடிச்சிருவான். குத்துச்சண்டைக்கு அந்தப் பாடு கிடையாது. சின்னச் சதுரம், ரெண்டு பேரு, தலைக்கு மேல விளக்கு. ஓடி ஒளிய எடமில்ல. அதோட இன்னொரு வசதி பாரு: மூணு நிமிஷம் அடி, ஒரு நிமிஷம் ஓய்வு. அந்த ஒரு நிமிஷம் யாருக்குன்னு நெனைக்க? அடிவாங்குனவன் மூச்சு வாங்கவா? ஜில்லெட்காரன் பிளேடு விக்கிறதுக்குலே! வெள்ளிக்கிழமை ஜில்லெட் பிளேடு, புதன்கிழமை பாப்ஸ்ட் பீரு. சாராயக் கடைக்காரனெல்லாம் டிவிப் பெட்டியை வாங்கி மேல தூக்கி வச்சு, சண்டையைக் காட்டிச் சரக்கை வித்தான்.

இதைக் கேட்டுட்டு நீ ஆபீசுல மொத நாளே, "சார், எல்லாத்தையும் சும்மா காட்டுனா சரியாயிரும்"னு எந்திரிச்சு நின்னுராத. சும்மா காட்டியே மொதல்ல கெடுத்தான்வ. வீட்டுல வருதுன்னா எவன் தெருமுனை அரங்குக்கு டிக்கெட் எடுப்பான்? ஊருக்கு ஊர் இருந்த சின்ன அரங்கெல்லாம் ஒவ்வொண்ணாப் பூட்டுனான். நாலு ரவுண்டு, ஆறு ரவுண்டுன்னு அடிச்சு, அடி வாங்கி, கை பழகுற எடம் அது. எடம் போச்சா, நேத்து கையுறை போட்ட பயலைத் தூக்கி இன்னைக்கு டிவியில நிறுத்துனான். அவன் ரெண்டு தடவை தோத்தா, அடுத்த வாரம் வேற பய. லீப்லிங்னு ஒரு எழுத்தாளர் 1956-ல 'தி ஸ்வீட் சயின்ஸ்'னு புத்தகம் போட்டாரு. பீரும் பிளேடும் விக்கிறதுக்காக ஒரு கலையை நாசமாக்குதான்னு அதுல டிவிக்காரனைக் காய்ச்சு எடுத்திருக்காரு. எங்க கேப்டன் மேசையில கிடந்த புத்தகம். நமக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனா திட்டு எந்த பாஷையில இருந்தாலும் புரிஞ்சுரும்.

பெட்டிக்குப் பின்னால நடந்தது தனிக் கூத்து. ஜேம்ஸ் நோரிஸ்னு பணக்காரன் ஒருத்தன், ஃபிராங்கி கார்போன்னு ரவுடி ஒருத்தன். எவன் எவனோட மோதணும், எவன் எப்ப விழணும்னு இவனுவ கையில இருந்துச்சு. ஜேக் லமோட்டா 1960-ல செனட் விசாரணையில வந்து, 1947-ல பில்லி ஃபாக்ஸ்கிட்ட நான் வேணும்னே தோத்தேன்னு வாயால சொன்னாரு. பட்டத்துக்கு மோத வாய்ப்பு வேணும்னா விழுந்தாத்தான் தருவேன்னுட்டான்வ. அதே வருஷம் என்.பி.சி. வெள்ளிக்கிழமைச் சண்டையை நிறுத்திட்டான். ஏ.பி.சி. எடுத்துக்கிட்டான்.

அவன் எடுத்த நேரம். 1962 மார்ச் 24, எமில் கிரிஃபித்துக்கும் பென்னி பரெட்டுக்கும் சண்டை. பன்னெண்டாவது ரவுண்டுல பரெட் மூலையில சாஞ்சுட்டான், கையைத் தூக்க முடியல, கிரிஃபித் நிறுத்தல, நடுவர் வந்து பிடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுட்டு. நாடே வீட்டுல உக்காந்து பாத்துச்சு. பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்து செத்துப்போனான். இந்த எடத்துல எனக்கு நக்கல் வராது. 1964-ல ஏ.பி.சி.யும் வாரச் சண்டையை மூடிட்டான்.

அத்தோட ஒழிஞ்சுதுன்னு நெனச்சானுவ. அலி வந்தாரு. கூடவே ஹோவர்ட் கோசெல்னு மைக்கைப் பிடிச்ச ஒரு வாயாடி. ரெண்டு பேரும் பேசுனதைக் கேக்கவே சனம் டிவி முன்னால உக்காந்துச்சு. 1971 மார்ச்சுல அலி-ஃபிரேசியர் மொத சண்டை. ஆளுக்கு 25 லட்சம் டாலர். அமெரிக்கக்காரன் வீட்டு டிவியில அது வரல, தியேட்டர்ல திரை கட்டி டிக்கெட் போட்டுக் காட்டுனான். புரமோட்டர்மாருக்கு அன்னைக்குத்தான் கண்ணு தொறந்துச்சு: பிளேடு கம்பெனி குடுக்கிற காசு என்ன காசு, சனத்துகிட்ட நேராப் பிடுங்குனா எவ்வளவு தேறும்!

ஆனாலும் அந்தக் காலத்து ஆளுவளுக்கு ஒரு கணக்கு தெரிஞ்சிருந்துச்சு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ல அமெரிக்கப் பயலுவ குத்துச்சண்டையில அஞ்சு தங்கம் எடுத்தான்வ. அதுல ஒருத்தன் சுகர் ரே லெனர்ட். அடுத்த பிப்ரவரியில அவனோட மொத தொழில்முறைச் சண்டையைக்கூட சி.பி.எஸ். சும்மாதான் காட்டுனான். சனம் அவன் சிரிப்பு, அவன் கால்வேகம் எல்லாத்தையும் காசில்லாமப் பாத்துப் பழகிட்டு. அப்புறம் 1980-ல ராபர்ட்டோ துரானோட மோதும்போது டிக்கெட்டைப் போட்டான். எல்லாவனும் பையில கைய விட்டான். அலி-ஸ்பிங்ஸ் ரெண்டு சண்டையும் 1978-ல சும்மாதான் வந்துச்சு. செப்டம்பர்ல நியூ ஆர்லியன்ஸ்ல நடந்த ரெண்டாவது சண்டையை நான் ஒரு துறைமுகக் கடையில நின்னு பாத்தேன். பீரு ஊத்துறவன் முதுகைக் காட்டிட்டு டிவியைப் பாத்துட்டிருந்தான். கேட்டாத்தான் திரும்புவான், நாங்களும் கேக்கல.

1982 நவம்பர் 13, ஒரு சனிக்கிழமை மத்தியானம், சி.பி.எஸ்.ல ரே மன்சினியும் கொரியாக்காரன் கிம் டுக்-கூவும். பதினாலாவது ரவுண்டுல கிம் விழுந்தான், சில நாள்ல செத்தான். ரெண்டு வாரத்துக்குள்ள இன்னொரு சண்டையில ஒருத்தன் அடிவாங்கிக்கிட்டே நின்னதைப் பாத்துட்டு, இனிமே தொழில்முறைச் சண்டைக்கு வரவே மாட்டேன்னு கோசெல் போயிட்டாரு. பதினஞ்சு ரவுண்டு பன்னெண்டாச்சு. சாவுக்குப் பயந்துதான் டிவிக்காரன் ஓடுனான்னு இன்னைக்கும் சொல்லுவான்வ. விளம்பரக்காரன் முகம் சுளிச்சது நெசம். ஆனா பாதிதான் நெசம். அதுக்கப்புறம் நாலு வருஷம் கழிச்சு, 1986-ல, மைக் டைசன் ஏ.பி.சி.ல வந்தானே! ஜூலை மாசம் ஃபிரேசியர் மகன் மார்விஸை 30 விநாடியில படுக்கப் போட்டான். காசில்லாமக் காட்டுனான், சனம் அடுத்த தடவை காசை எடுத்து வச்சுக்கிட்டுக் காத்துக்கிடந்துச்சு.

மீதிப் பாதிக்கு நம்மூருக்கே வா. கொடைக்கு 'வள்ளி திருமணம்' நாடகம் போடுதோம். முன்னால பாயைப் போட்டு உக்காந்திருக்கிறது யாரு? சின்னப் பயலுவ. பாதியில தூங்குவான்வ, பபூன் வந்தா எந்திரிப்பான்வ. அவனுவதான் வளந்து தலைக்கட்டு வரி குடுத்து அடுத்த நாடகத்தை வைக்கான்வ. இப்ப கமிட்டிக்காரன் ஒருத்தனுக்குப் புத்தி ஓடுது: சுத்தி ஓலைத் தட்டியைக் கட்டு, தலைக்கு ஐநூறு வை. மொத வருஷம் வசூல் கொட்டும். ஏன்னா உள்ள வாரவன் எல்லாம் பாயில உக்காந்து வளந்தவன். ரெண்டாம் வருஷமும் கொட்டும். தட்டிக்கு வெளியே நின்ன சின்னப் பய என்ன செய்வான்? போயி கிரிக்கெட் ஆடுவான். இருபது வருஷம் கழிச்சு அதே கமிட்டிக்காரன், "இந்தக் காலத்துப் பயலுவளுக்கு ரசனையே இல்ல"ம்பான்.

இப்பப் புரியுதா? புரிஞ்சிருந்தா, உன் வேலைக்கு வேண்டிய புத்தியைச் சொல்லுதேன், எழுதிக்கோ.

குத்துறவன் முகத்தை ஒருத்தருக்கும் காட்டிராதே. அதான் மொத பாடம். ஹெச்.பி.ஓ. 1973-ல ஃபோர்மேன்-ஃபிரேசியர் சண்டையோட ஆரம்பிச்சு, மாசக் கட்டணம் கட்டுனவனுக்கு நல்லாத்தான் காட்டிட்டிருந்தான். நல்ல காமிரா, நல்ல பேச்சு, நல்ல சண்டை. அதுலயும் ஆசை அடங்கல. 1991-ல இருந்து பெரிய சண்டைக்கெல்லாம் கட்டணத்துக்கு மேல தனிக்காசு. தட்டிக்குள்ள இன்னொரு தட்டி. மேவெதர்-பக்கியாவ் சண்டையைப் பாரு. 2009-ல இருந்து பேசிப் பேசி, 2015 மே மாசம் நடத்துனான். வீட்டுக்கு 100 டாலர். 46 லட்சம் பேரு கட்டுனான். மேவெதருக்கு மட்டும் 20 கோடி டாலருக்கு மேலன்னு பேச்சு. சண்டை எப்படி? ஒருத்தன் பின்னால போனான், ஒருத்தன் முன்னால போனான். முடிஞ்சப்புறம் பக்கியாவ், எனக்குத் தோள்ல அடிபட்டிருந்துச்சுன்னாரு. நூறு டாலர் குடுத்தவன்ட்ட அதை மொதல்லயே சொல்லியிருக்கப்படாதா? அன்னைக்குக் காசை விட்டதைச் சனம் இன்னும் மறக்கல.

இதுக்காகக் குத்துறவனை ஏசிராதலே. அவன் மூளையை அடகு வச்சுச் சம்பாதிக்கான். கிடைக்கிறப்ப வாங்கிக்கத்தான் செய்வான். அவன் எடத்துல இருந்தா நானும் வாங்குவேன், நீ இன்னும் ரெண்டு ரூபா சேத்துக் கேப்பே.

அடுத்து, ஒரு எடைக்கு ஒரு சாம்பியன்னு மட்டும் வச்சிராதே. சனத்துக்குப் புரிஞ்சுரும். பதினேழு எடைப் பிரிவு, நாலு சங்கம்: டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. நாலும் தனித்தனி பெல்ட். ஒவ்வொரு பட்டச் சண்டைக்கும் குத்துறவன் கூலியில இவனுவளுக்கு ஒரு பங்கு. பங்கு வரணும்னா பட்டம் பெருகணும்லா? டபிள்யூ.பி.ஏ. ஒரே எடைக்கு 'சூப்பர்' சாம்பியன், சாதா சாம்பியன்னு ரெண்டு பேரை வச்சான். நம்மூரு அரசியல் கட்சி பிரிஞ்சாக்கூட எது அசல், எது போலின்னு கோர்ட்டுல போயிக் கேக்கலாம். 1999-ல லெனாக்ஸ் லூயிஸுக்கு அப்புறம் ஹெவிவெயிட்டுல எல்லாப் பெல்ட்டும் ஒருத்தன் இடுப்புக்கு வர 2024 மே வரைக்கும் ஆச்சு. உக்ரைன்காரன் உசிக், டைசன் ஃபியூரியை ரியாத்துல ஜெயிச்சு வாங்குனான். கால் நூற்றாண்டுக் காத்திருப்பு. சரி, சனம் ஒரு பேரையாவது மனசுல வச்சுக்கும்னு பாத்தா, ரெண்டு மாசம் தாங்கல. ஜூன் கடைசியிலயே ஒரு பெல்ட்டைத் திருப்பிக் குடுக்க வேண்டியதாப்போச்சு. ஐ.பி.எஃப்.காரன் சொன்ன ஆளோட மோதலையாம்!

இந்தச் சேதத்தைச் சரிபண்ண ஆளே வரலையான்னு கேப்பே. வந்தான். அல் ஹேமன்னு ஒரு ஆளு 2015 மார்ச்சுல என்.பி.சி.ல ராத்திரிச் சண்டையைத் திரும்பக் கொண்டுவந்தான். எப்படி? சேனல்காரன் காசு குடுத்து வாங்கல, இவன் சேனலுக்குக் காசு குடுத்து நேரத்தை வாங்குனான். ஒரு காலத்துல பெட்டியையே வித்துக் குடுத்த விளையாட்டு, பெட்டிக்குள்ள நிக்க வாடகை குடுத்துச்சு. முதல் போட்டவன் பணம் கரைஞ்சுது, கொஞ்ச வருஷத்துல பழையபடி தட்டிக்குள்ள போயிட்டான்.

இதே வித்தையைக் கூண்டுச் சண்டைக்காரன் யு.எஃப்.சி. பத்து வருஷம் முன்னாலயே செஞ்சான், அவனுக்குப் பலிச்சுது. கைக்காசைப் போட்டு ஸ்பைக்னு ஒரு சேனல்ல பயலுவளை ஒரே வீட்டுல தங்கவச்சுக் காட்டுனான். சண்டைக்கு முந்தி அவன் சாப்பிடுறது, அழுறது, சக பயலோட முறைக்கிறது எல்லாம் சனத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. 2005 ஏப்ரல்ல கடைசிச் சண்டை, கிரிஃபினும் போனரும். சும்மா வந்த சண்டை. அன்னைலேர்ந்து அவன் கடைக்கு ஏறுமுகம். அதுக்காகக் கூண்டுக்காரன் யோக்கியன்னு நெனச்சுராத. ஒரே கடை, ஒரே முதலாளி. சண்டை போடுறவன் கூலியை அமுக்கிட்டான்னு கேஸ் நடந்து, 37.5 கோடி டாலர் குடுத்துத் தீத்தான். ஆனா முகத்தைக் காட்டணும்ங்கிறது அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. 2025-ல இன்னும் ஒரு படி மேல போயி, அடுத்த வருஷத்துலேர்ந்து அமெரிக்காவுல தனிக்காசே கிடையாது, பாரமவுண்ட் சந்தாவுக்குள்ள எல்லாம் வரும்னுட்டான்.

நம்ம குத்துச்சண்டைக்காரங்களும் அப்படிச் சொன்னவங்கதான். 2018-ல டேஸோன்னு ஒரு கம்பெனி அமெரிக்காவுக்குள்ள வந்து, தனிக்காசு செத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் விளம்பரப் பலகை வச்சான். கனெலோ அல்வாரெஸுக்குப் பதினொரு சண்டைக்கு 36.5 கோடி டாலர்னு பேசுனான். 2022 மே மாசம் அதே கனெலோ பிவோலோட மோதுனப்ப, செத்துப்போனது எந்திரிச்சு உக்காந்து தனிக்காசு கேட்டுச்சு. சண்டையில கனெலோவும் தோத்தாரு, அது வேற. இதுக்கு நடுவுல ஹெச்.பி.ஓ. 45 வருஷ ஏவாரத்தை 2018 டிசம்பர்ல முடிச்சுக்கிட்டான். இன்னொரு சந்தாச் சேனல் ஷோடைமும் 2023 டிசம்பர்ல குத்துச்சண்டைக் கடையைச் சாத்திட்டான்.

குத்துச்சண்டைக்கே காலம் போயிட்டுன்னு எவனாவது புலம்புனா மெக்சிகோவைக் காட்டு. அமெரிக்கக்காரன் காசு கட்டிப் பாக்கிற கனெலோ சண்டையை, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்டெகா சேனல்ல சும்மா பாத்திருக்கான். பக்கத்துல பேச்சுக்கு உக்காந்திருக்கிறது யாரு? ஹூலியோ சேசார் சாவெஸ்! 1993-ல ஆஸ்டெகா மைதானத்துல அவரு சண்டையைப் பாக்க 1,32,000 பேருக்கு மேல வந்து உக்காந்தான். பாட்டன், அப்பன், பேரன் மூணு பேரும் ஒரே பேரைச் சொல்லுவான்வ. பிலிப்பைன்ஸ்லயும் பக்கியாவ் சண்டைன்னா சாதா டிவியில வந்துச்சு, கொஞ்சம் தாமதமா, நடுவுல சோப்பு விளம்பரமா வந்துச்சு. ஆனா வந்துச்சு.

நம்மளைச் சொல்லு. வடசென்னைக் குத்துச்சண்டையைப் பத்தி ரஞ்சித் எடுத்த 'சார்பட்டா பரம்பரை', தியேட்டரைப் பாக்காம 2021-ல சந்தா கட்டுனவன் வீட்டுக்குப் போச்சு. அது கொரோனா செஞ்ச வேலை, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா நம்ம சலூன்ல அந்தப் படத்தைப் பத்தி அத்தனை பேரு பேசுனான்வ. எல்லாவனும் சந்தா கட்டுனவன்னு நீ நம்புதியா?

இப்ப நெட்ஃபிளிக்ஸ்காரன் வந்திருக்கான். 2024 நவம்பர்ல 58 வயசு டைசனையும் 27 வயசு யூடியூப் பய ஜேக் பாலையும் டெக்சாஸ்ல ஏத்தி விட்டான். எட்டு ரவுண்டு, அதுவும் ரெண்டு ரெண்டு நிமிஷம். டைசன் கையுறையைக் கடிச்சுக்கிட்டே நின்னாரு. 1997-ல ஹோலிஃபீல்டு காதைக் கடிச்ச வாயி, பழக்கம் போகல. 6 கோடி வீட்டுல பாத்தான்னு கம்பெனி சொல்லுது. நம்ம அரியானாக்காரன் நீரஜ் கோயத்தும் அன்னைக்கு மேடை ஏறி ஜெயிச்சான். யாரை ஜெயிச்சான்னு கேளு. பிரேசில் நாட்டு காமெடி நடிகரை! சிரிக்காதலே. அதே ராத்திரி கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும், ரெண்டு பொம்பளைப் பிள்ளைய, கண்ணு கிழிஞ்சு ரத்தம் வழிய பத்து ரவுண்டு நின்னு அடிச்சாளுவன்னா பாத்துக்கோ. கெழவனைப் பாக்க வந்த கூட்டம் அந்தப் பிள்ளையளைப் பாத்துட்டுப் போச்சு. இத்தனை வருஷத்துல அந்த விளையாட்டுக்கு நடந்த நல்ல காரியம் அதுதான்னு நான் சொல்லுவேன். தெரியாம நடந்துபோச்சு.

2025 செப்டம்பர்ல கனெலோ-கிராஃபோர்டு சண்டையும் தனிக்காசில்லாம அதே சந்தாவுக்குள்ள வந்துச்சு. 4 கோடிக்கு மேல பாத்தானாம். உள்தட்டியைப் பிரிச்சுட்டான். வெளித்தட்டி அப்படியே நிக்கி.

அதனால நான் உனக்குச் சொல்லுறது, நெசமாச் சொல்லுறது, இவ்வளவுதான். உங்க ஆபீசர் ஒரு நாள், "பெரிய சண்டைக்கு என்ன விலை வைக்கலாம்?"னு கூட்டம் போடுவான். எல்லாவனும் லேப்டாப்பைத் தொறந்து நம்பர் சொல்லுவான்வ. நீ மட்டும், "சார், பேர் தெரியாத ரெண்டு நல்ல பயலுவளைப் பிடிங்க. சனிக்கிழமை, நடுராத்திரிக்குத் தள்ளாம, பிள்ளைய தூங்கப் போறதுக்கு முந்தி, சாதா சேனல்ல காட்டுங்க. வருஷத்துக்கு மூணு தடவை அதே பயலுவளைக் காட்டுங்க. அவன் அம்மையைக் காட்டுங்க. பக்கத்துல ஊருக்குள்ள ஒரு சின்ன அரங்குக்கும் வாடகையைக் கட்டுங்க. விலையைப் பத்தி நாலு வருஷம் கழிச்சுப் பேசுவோம்"னு சொல்லு. நாலு வருஷம்னதும் ஆபீசர் கண்ணாடியைக் கழத்தித் துடைப்பான். அவனுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா கணக்குக் காட்டணும். உன்னையும் ஒரு மாதிரியாப் பாப்பான்.

அதனால இதைச் சேந்த உடனே சொல்லிராத. மொத மாசச் சம்பளம் கைக்கு வரட்டும், உங்க ஆச்சிக்குக் கண் ஆபரேஷனுக்கு அனுப்பிட்டு, அப்புறமாச் சொல்லு.